அண்ணாவின் கனடாவும் அம்மாவின் வெள்ளவத்தையும்

கேள்வி: எனக்கு 38 வயது. வெள்ளவத்தையில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். நான் வங்கியில் வேலை செய்கிறேன், கணவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளர். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. சீனி வருத்தமுள்ள 71 வயது அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். கனடாவுக்கு எங்கள் நால்வருக்கும் நிரந்தர வதிவிட விசா வந்துவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபுறோப் பகுதியில் இருக்கும் அண்ணா "உடனே வாங்கோ" என்கிறார். அங்கே இருந்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரரோ "அது மெஷின் வாழ்க்கை" என்கிறார். உண்மையில் எந்த நாட்டில் வாழ்க்கைத்தரம் நல்லது?
- வாசகி, கொழும்பு 6

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே பதில் இல்லை. 9 வயதுப் பிள்ளைக்குக் கனடா ஒரு நாடு, 71 வயது அம்மாவுக்கு அது வேறொரு நாடு. அண்ணாவும் சரி, பக்கத்து வீட்டுக்காரரும் சரி, தங்கள் வயதிலிருந்தும் தங்கள் சம்பளத்திலிருந்தும்தான் பேசுகிறார்கள்.

முதலில் காசு. டொலரை ரூபாயால் பெருக்கிப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 ஒக்டோபரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். முழுநேரம் உழைத்தால் பிடித்தங்களுக்கு முன் மாதம் ஏறக்குறைய 3,000. ரொறன்ரோவில் இரண்டு அறை வீட்டு வாடகையே 2,000ஐத் தாண்டும். உங்கள் கணவரின் கணக்காளர் அனுபவம் அங்கே முதல் நாளே மதிக்கப்படும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் அவர் தன் தகுதிக்குக் குறைந்த வேலைதான் பார்க்க வேண்டி வரலாம். 40 வயதை நெருங்கும் ஒருவருக்கு அது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல, மனசுக்கும் பெரிய அடி. அதை அவரோடு இப்போதே பேசிவிடுங்கள்.

அதே நேரம், இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்றதும், 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததும், அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. சேமிப்பின் பெறுமதி கண்முன்னே கரைவதைப் பார்த்த குடும்பம் வெளியே போக நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1945இலிருந்து நம் நாட்டில் இலவசக் கல்வி இருக்கிறது, அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆனால் ரியூசனுக்கு மாதாமாதம் எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதித் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. அதிலும் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொழும்பு மாவட்டத்தில் கேட்கும் இசட் புள்ளி எவ்வளவு உயரம்! கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ள பிள்ளை வெளிநாட்டு மாணவர் கட்டும் பெரிய கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை, அரச கல்விக் கடனும் கேட்கலாம். அங்கே உயர்பள்ளி 9ஆம் வகுப்பில் தொடங்குகிறது. மகள் 13இல் போவதற்கும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) நேரத்தில் 16இல் பிடுங்கப்படுவதற்கும் நிறைய வித்தியாசம்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரே வரிதான் கிடைத்திருக்கிறது. எனக்கோ அதுதான் முக்கியமான வரியாகப் படுகிறது.

இங்கே அவருக்குச் சீனி கூடினால் களுபோவில ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, காசு இருந்தால் பின்னேரமே விசேட டொக்டரைச் சனல் பண்ணி (தனியாரில் நேரம் பதிந்து) காணலாம். ஒன்ராறியோவில் உங்கள் நால்வருக்கும் டொக்டரும் ஆஸ்பத்திரியும் இலவசம். ஆனால் குடும்ப டொக்டர் கடிதம் கொடுத்து, விசேட டொக்டரைக் காண மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். அம்மாவுக்கு அந்த இலவசம்கூட இல்லை. அவர் நீண்ட காலம் தங்கப் போவதென்றால், பெற்றோருக்கான சூப்பர் விசாதான் பெரும்பாலும் வழி. அதில் ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம், ஆனால் குறைந்தது 1,00,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு எல்லாக் காப்புறுதியும் காசு தராது. அழைக்கும் பிள்ளை வருமானமும் காட்ட வேண்டும். போன புதிதில் உங்களால் அது முடியாது. அண்ணாவால் முடியும். "வாங்கோ" என்று கூப்பிடுகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அம்மாவை அவர் அழைப்பாரா, காப்புறுதியை யார் கட்டுவது, அம்மா யார் வீட்டில் இருப்பார்?

அப்புறம், அம்மாவிடமும் கேளுங்கள். கடைக்குத் தனியாக நடந்துபோய், கோயிலில் நாலு பேரோடு கதைத்துவிட்டு வருகிறவர், ஜனவரிப் பனியில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டி வரும். அவர் வரமாட்டேன் என்றால், இங்கே அவரோடு யார் இருப்பார் என்பது முடிவாகாமல் நீங்கள் டிக்கெட் எடுக்கக் கூடாது.

என் அபிப்பிராயம், போங்கள். ஆனால் ஃபிளாட்டை விற்க வேண்டாம். சேமலாப நிதியையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். நிரந்தர வதிவிடத்தைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும், எனவே விசாத் திகதிக்குள் போய் இறங்கிவிட்டு, தேவைப்பட்டால் நீங்கள் திரும்பி வந்து அம்மாவின் ஏற்பாட்டை முடிக்கலாம். வங்கியில் சம்பளமில்லா லீவு கிடைக்குமா என்று இந்தக் கிழமையே விசாரியுங்கள். இராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகு.