கைடு ஆர்.என்.ஏ.வில் என்ஜிஜி-யையும் சேர்க்க வேண்டுமா? பாக்டீரியாவிலும் கிரிஸ்பர் இப்படித்தான் வேலை செய்கிறதா?

சேர்க்கக் கூடாது. கிரிஸ்பரில் கேஸ்9 என்ற வெட்டும் புரதத்துக்கு இடம் காட்டும் 20 எழுத்து ஆர்.என்.ஏ. வரிசைதான் கைடு; என்ஜிஜி என்பது டி.என்.ஏ.வில் அந்த இடத்தை ஒட்டி இருக்க வேண்டிய மூன்று எழுத்து (என் என்றால் எந்த எழுத்தும்). பிராஜெக்ட்டுக்கு 23 எழுத்தில் கைடு ஆர்டர் செய்துவிட்டு, வெட்டு விழவில்லையே என்று தவிக்கிறீர்கள் என நினைக்கிறேன். 'மூலக்கூறு கத்தரிக்கோல்' என்று படம் போட்டுவிட்டு, பாக்டீரியா அதை ஏன் வைத்திருக்கிறது என்பதைப் பாடங்கள் ஒரே வரியில் தாண்டிவிடுவதால் வரும் குழப்பம் இது.

தாக்கிய வைரஸின் டி.என்.ஏ. துண்டு ஒன்றை பாக்டீரியா தன் மரபுத்தொகுதியில் செருகி வைத்துக்கொள்கிறது. துண்டு சேர்ந்தால் எதிர்ப்பு வருகிறது, நீக்கினால் போய்விடுகிறது என்று 2007-ல் டானிஸ்கோ ஆய்வாளர்கள் தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸில் காட்டினார்கள். சரி, அதே வரிசைதான் பாக்டீரியாவிடமும் இருக்கிறதே, கேஸ்9 அதை ஏன் வெட்டுவதில்லை? வைரஸில் அந்தத் துண்டை ஒட்டி 'பாம்' (PAM) என்ற சிறு வரிசை இருக்கும்; உங்கள் என்ஜிஜி ஒரு பாம்தான். சேமிப்பில் அதே இடத்தில் ரிப்பீட் (துண்டுகளுக்கு இடையே திரும்பத் திரும்ப வரும் வரிசை) வந்துவிடுவதால் பாம் கிடையாது. பாம் இல்லாத இடத்தில் கேஸ்9 இழைகளைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

பாமைப் படிப்பது புரதம், ஆர்.என்.ஏ. அல்ல. கைடில் என்ஜிஜி-யைச் சேர்த்தால், கேஸ்9 இன்னும் மூன்று எழுத்து தள்ளி வேறொரு ஜிஜி-யைத் தேடும். அங்கே அது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் பாக்டீரியாவின் கேஸ்9 பற்றித்தான் சொல்கிறேன். கேஸ்12ஏ என்ற இன்னொரு வெட்டும் புரதத்துக்கு பாம் வேறு, அதுவும் முன்பக்கம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

2012-ல் டௌட்னா, ஷார்பாந்தியே குழு பாக்டீரியாவின் இரண்டு ஆர்.என்.ஏ.க்களை ஒன்றாக இணைத்து, 20 எழுத்தை மாற்றினால் வெட்டும் இடமும் மாறும் என்று காட்டியது. அதே ஆண்டு லிதுவேனியாவின் சிக்ஷ்னிஸும் கேஸ்9 வெட்டுவதைக் காட்டினார். டௌட்னா, ஷார்பாந்தியே இருவருக்கும் கிடைத்த 2020 நோபலில் அவர் பெயர் இல்லாதது எனக்கு இன்னும் உறுத்தல். நீங்கள் கேட்காத விஷயம், விடுங்கள்.

கேஸ்9-ஐயும் கைடையும் செல்லுக்குள் கொண்டுபோகும் பிஎக்ஸ்330 பிளாஸ்மிட், அதில் கைடைச் செருக பிபிஎஸ்1 நொதியின் வெட்டு என்றால்: மேல் ஆலிகோ (ஆர்டர் செய்யும் குறு டி.என்.ஏ. இழை) சிஏசிசிஜி + 20 எழுத்து, கீழ் ஆலிகோ ஏஏஏசி + அந்த இருபதின் எதிர்நிரப்பு + சி. கைடைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கும் யு6 புரொமோட்டருக்கு ஜி-யில் தொடங்குவது பிடிக்கும். கைடுக்குள் தொடர்ந்து நான்கு டி வந்தால் படியெடுத்தல் பாதியிலேயே நின்றுவிடும். வெட்டு பாமுக்கு மூன்று எழுத்து முன்னால் விழும்.

டோனர் டெம்ப்ளேட் (வெட்டிய இடத்தில் சேர வேண்டிய திருத்திய டி.என்.ஏ.) கொடுத்துத் திருத்துவதாக இருந்தால், பாக்டீரியாவின் உத்தியையே கையாளுங்கள்: அமினோ அமிலம் மாறாதபடி டோனரில் பாமைக் குலைத்துவிடுங்கள். இல்லையென்றால் திருத்திய இடத்தையே கேஸ்9 மறுபடி வெட்டும். என்ஏஜி ஆக்கினால் போதாது, அதையும் ஓரளவு வெட்டும். கோடான் இடம் கொடுக்காவிட்டால், பாமை ஒட்டிய 10 எழுத்துக்குள் இரண்டு மூன்றை மாற்றுங்கள்.