பெங்களூரு வெயிலுக்கும் சன்ஸ்கிரீன் பூச வேண்டுமா? புற்றுநோய் வராமலிருக்க வேறு என்ன செய்யலாம்?

நீங்கள் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். அங்கிருந்து வருபவர்கள்தான் இந்த ஊர் வெயிலை வெயில் என்றே மதிக்க மாட்டார்கள்.

பூசுங்கள், தப்பில்லை. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10% கூடும். காற்று குளுகுளுவென்று இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெயிலைத் தடுக்கும் அளவான எஸ்பிஎஃப் 30 என்று டப்பாவில் இருந்தால் போதும், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அதைவிட மலிவு.

நான் பம்ப் விற்பனைப் பிரதிநிதி. அல்சூரிலிருந்து பீன்யா வரை தினமும் ஸ்கூட்டர். முழங்கை வரை உறை, ஹெல்மெட்டுக்குள் துணி, சீட்டுக்கடியில் சன்ஸ்கிரீன் என்று எட்டு வருஷமாக ஒழுங்காக இருந்தவன். நண்பர்கள் மணப்பெண் என்று கிண்டல் செய்வார்கள். அதே எட்டு வருஷமும் சட்டைப் பையில் வாசனைப் பாக்கு இருந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பொட்டலம். புகையிலை கிடையாது, வெறும் பாக்குதானே என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

முதலில் காரம் எரிய ஆரம்பித்தது. ரசம்கூட எரியும். வீட்டில் மிளகாய்த்தூளை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட்டேன். அப்புறம் ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் பானிபூரி சாப்பிடும்போது அது வாய்க்குள் நுழையவில்லை. உடைத்துத்தான் போட வேண்டியிருந்தது, சட்டையெல்லாம் புளித்தண்ணீர். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பல் டாக்டரம்மா மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாகப் பல்லுக்கு நடுவே வைக்கச் சொன்னார். இரண்டுதான் போயிற்று. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தோல் செருப்பு மாதிரி விறைத்திருந்தது. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ், அதாவது வாயின் உட்தோல் நார் போல இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோய். பாக்கினால் வருவது, சிலருக்குப் பின்னால் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டதாம். நான் அதற்குப் பிறகுதான் மெல்லவே ஆரம்பித்தேன்.

உடனே யாராவது தாம்பூலம் நம் பண்பாடு என்று கிளம்புவார்கள். கல்யாணத் தட்டில் வைப்பதை நான் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கு விளைவிப்பதில் முதலிடம் கர்நாடகாவுக்குத்தான், பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் மலநாட்டு நண்பர்கள் எனக்கும் உண்டு, அவர்கள் வயிற்றில் அடிக்கவும் வரவில்லை. தினமும் ஏழெட்டுப் பொட்டலம் என்பது தாம்பூலம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தச் செலவில் ஒரு பைசாகூட ஆபீஸ் காப்பீட்டில் வரவில்லை. பல் வைத்தியமாம், அழகு சிகிச்சைக் கணக்காம்! வாயைத் திறக்க முடியாதவனுக்கு என்ன அழகு? மூன்று மெயில் போட்டேன், மூன்றுக்கும் ஒரே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். சரி, அது இங்கே கேட்ட விஷயம் இல்லை.

நம் நிறத்துக்கு வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவதைவிட மிகக் குறைவு. ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வகை நமக்கு உள்ளங்கால், நகத்தடி என்று வெயில் படாத இடத்தில் வருவது உண்டு. அங்கே புதிதாகக் கரும்புள்ளி தெரிந்தால் காட்டிவிடுங்கள். நம் நாட்டு ஆண்களிடம் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை நெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புகை, புகையிலை, குடி பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

என் வாய் பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பாக்கை விட்டு ஏழு மாதம் ஆகிறது. தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே சொருகிப் பயிற்சி செய்கிறேன். ஆரம்பத்தில் 14 குச்சி, இப்போது 17. எண்ணுவது மகள்தான், அவசரத்தில் ஒன்றிரண்டு கூட்டியும் சொல்லிவிடுகிறாள்.