மகளுக்கு பி.டி.எஸ். சீட்: சென்னைக் கல்லூரியா, வெளியூர்க் கல்லூரியா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி, சேலம் பக்கம் ஒன்று, இரண்டிலும் என் மகளுக்கு பி.டி.எஸ். இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேர்க்கலாம்? சென்னை என்றால் எதிர்காலம் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

பதில்:

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன் சார். 2008-ல் என் அப்பாவிடமும் அச்சு அசலாக அதையேதான் சொன்னார்கள். சொன்னவர் பல் டாக்டர்கூட இல்லை, ரேஷன் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை. அப்போது நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை 200-க்குக் கணக்குப் போட்டுக் கட்-ஆஃப் எடுப்பார்கள். எனக்கு எம்.பி.பி.எஸ். முக்கால் மார்க்கில் போனது. (அந்த முக்கால் மார்க்கை அம்மா இன்றைக்கும் பேச்சோடு பேச்சாக இழுப்பாள், அதை விடுங்கள்.) கவுன்சிலிங் ஹாலில் ஸ்க்ரீனைப் பார்த்தால் எனக்கு ஒத்துவருகிற மாதிரி இரண்டே இடங்கள். ஒன்று சென்னைப் புறநகர், இன்னொன்று சேலம் பக்கம். குரோம்பேட்டையில் சித்தி வீடு இருந்தது. அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உங்களுக்கும் சென்னையில் அப்படி ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பெண் பிள்ளையைப் பற்றிய இந்தக் கேள்வியில் சென்னை முதலில் வந்திருக்காது.

என் பள்ளித் தோழி அதே கவுன்சிலிங்கில் சேலம் பக்கத்துக் கல்லூரியை எடுத்தாள். "அங்க போயி என்னடி பண்ணப் போற?" என்று கேட்டது நான்தான்.

நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள். கட்டடம் பளபளவென்று இருந்தது. லிஃப்ட், ஏசி செமினார் ஹால், வரிசையாகப் புது டென்டல் சேர்கள், எல்லாம் உண்டு. முதல் இரண்டு வருஷம் குறையே தெரியவில்லை. தெரியவும் தெரியாது, ஏனென்றால் அதுவரை நோயாளியின் வாயைத் தொடவே விட மாட்டார்கள். மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவது, பொம்மைத் தலையில் பல்லைக் குடைவது, அனாடமி, பார்மகாலஜி என்று ஓடிவிடும். நோயாளிகளைப் பார்ப்பது மூன்றாம் வருஷத்திலிருந்து. நான்காவது வருஷமும் அதற்கப்புறம் ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) காலமும் முழுக்க வாய்தான். ஐந்து வருஷத்தில் கையில் தொழில் ஏறுவது இந்தக் கடைசி மூன்றில்தான்.

மூன்றாம் வருஷம் உள்ளே போனால் சேர்கள் இருக்கின்றன, உட்கார ஆள் இல்லை.

கோட்டா என்று ஒன்று உண்டு. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை ஃபில்லிங், இத்தனை க்ளீனிங், இத்தனை முழுப் பல் செட் என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டில் ஸ்டாஃப் கையெழுத்து வேண்டும். முடிக்காவிட்டால் பரீட்சைக்கு விட மாட்டோம் என்பார்கள். நோயாளியே வராத இடத்தில் கோட்டாவை எப்படி முடிப்பது? சீனியர்கள் வழி சொல்லிக்கொடுத்தார்கள்: ஆள் பிடி. வாட்ச்மேனின் மச்சான், சித்தி வீட்டு வேலைக்கார அம்மா, மெஸ் மாஸ்டர், ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. வாயைத் திறந்து சிரித்த யாரைப் பார்த்தாலும் சொத்தைப் பல் இருக்கிறதா என்றுதான் கண் போகும்.

முழுப் பல் செட்டுதான் பெரிய பாடு. ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. முதல் அளவு, இரண்டாவது அளவு, கடி பார்ப்பது, மெழுகில் பல் அடுக்கி வைத்துப் பார்ப்பது, கடைசியில் கையில் கொடுப்பது என்று ஐந்தாறு தடவை அதே ஆள் வர வேண்டும். குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்ற ஒரு ஆயாவைப் பிடித்தேன். வாயில் ஒரு பல் கிடையாது. எனக்கு லாட்டரி அடித்த மாதிரி. ஒரு தடவை வந்தால் நூறு ரூபாய், மதியச் சாப்பாடு, போகவர பஸ் என்று பேசினேன்.

இரண்டாவது அளவு எடுக்கிற நாள். கிரீன் ஸ்டிக் என்று ஒரு பச்சைக் குச்சி இருக்கும். அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டி உருக்கி, அளவுத் தட்டின் விளிம்பில் ஒட்டி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, சூடு பார்த்து வாய்க்குள் வைத்து, உதட்டையும் கன்னத்தையும் இழுத்துவிட வேண்டும். என் கை நடுங்கியது. குச்சியிலிருந்து ஒரு சொட்டு என் கட்டைவிரலிலேயே விழுந்தது. ஆயா என்னைப் பார்த்துச் சொன்னது இது: "பயப்படாத கண்ணு. மெதுவா உருக்கு. இது முடிஞ்சதும் அந்தக் கிராம்பு வாசம் அடிக்கிற மாவு வெப்ப, அது கொஞ்சம் எரியும், தெரியும் எனக்கு. வாய ஊன்னு வெக்கணுமா, ஈன்னு வெக்கணுமா?"

யூஜினால் கலந்த பேஸ்டைத்தான் கிராம்பு மாவு என்கிறது. கிராம்பெண்ணெயில் இருப்பதும் யூஜினால்தானே. அதெல்லாம் சரி, என் அடுத்த ஸ்டெப் ஆயாவுக்கு எப்படித் தெரியும்?

"உனக்கு முன்னால மூணு புள்ளைங்க எடுத்திருக்குதே" என்றது.

ஏற்கனவே மூன்று பல் செட்! மூன்றும் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறதாம். மூன்றையும் எங்கள் காலேஜ் பிள்ளைகளே செய்து, மூன்றுக்கும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்னுடையது நாலாவது. போடுகிறாயா ஆயா என்று கேட்டால், கல்யாணத்துக்குப் போனால் போடுவேன், சாப்பிடும்போது கழட்டிவிடுவேன் என்றது. முறுக்கை ஈறாலேயே மென்றதை நானே பார்த்தேன். எனக்கும் கையெழுத்து கிடைத்தது. அந்த ஆயாவின் வாய்க்கு எது சரியாக உட்காரவில்லை, ஏன் உட்காரவில்லை என்று எங்கள் நாலு பேரில் ஒருத்தரும் கற்றுக்கொள்ளவில்லை.

ஓ.பி., அதாவது வெளிநோயாளிகள் பிரிவு, நிரம்பி வழிந்த நாளும் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு. காலை ஏழு மணிக்கே காலேஜ் பஸ் போய் எங்கெங்கோ கிராமத்திலிருந்து ஆட்களை அள்ளி வரும். திருவிழா மாதிரி இருக்கும். மறுநாள் பழையபடி ஃபேன் மட்டும் சுற்றும்.

இப்போது என் தோழியின் கதை. அவள் கல்லூரிக் கட்டடம் சுமார்தான், ஹாஸ்டல் சாம்பார் மகா மட்டம் என்று போனில் அழுவாள். ஆனால் சுற்றுவட்டாரக் கிராமம் முழுக்க அங்கேதான் வரும், பணம் கொடுத்துப் பல் பார்க்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. ஹவுஸ் சர்ஜன் காலத்தில் ஒரு காலைப்பொழுதில் பத்துப் பல் பிடுங்கினேன் என்று சாதாரணமாகச் சொல்வாள். நான் ஒரு மாதத்துக்கு அவ்வளவு பார்த்தால் அதிகம். அதோடு அந்தப் பக்கத்துக்கென்றே சில வியாதிகள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை, குழி. நான் ஃப்ளோரோசிஸைப் புத்தகத்தில் கலர்ப் படமாகப் பார்த்தேன், அவள் தினம் காலையில் பார்த்தாள். பாக்கு, புகையிலை போட்டு வாய் இரண்டு விரல்கூடத் திறக்காத ஆட்களும் அவளுக்குத்தான் அதிகம் வந்தார்கள்.

வித்தியாசம் படிப்பு முடிந்த பிறகுதான் உறைத்தது. 2013 கடைசியில் மதுரையில் ஒரு க்ளினிக்கில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று, மேல்பகுதி உடைந்து வேர் உள்ளே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் போராடினேன். அந்த அண்ணன் பாவம், நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. சீனியர் வந்து, வேரை நெம்பி எடுக்கிற எலிவேட்டர் என்ற கருவியை வாங்கினார், ஐந்து நிமிஷம், வேர் வெளியே. போகும்போது அந்த அண்ணன் என்னிடம் "நீங்க ட்ரெய்னிங்காம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சீனியரிடம் ஒன்றரை வருஷம் கற்றதுதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

உடனே "அப்படியானால் சென்னையில் படித்தவர்களுக்கெல்லாம் வேலை தெரியாதா?" என்று ஒரு கூட்டம் வரும். அப்படிச் சொல்லவில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் போய்ப் பாருங்கள், கூட்டம் அலைமோதும். 1953-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாகத் தொடங்கிய இடம் அது. அங்கே படித்தவர்கள் கையை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சென்னையில் நோயாளிகள் நிறைய வரும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன, வெளியூரில் ஈ ஓட்டும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஊரைப் பார்க்காதீர்கள், ஓ.பி.யைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் மகளின் ரேங்க்குக்கு அரசுக் கல்லூரி ஏதாவது எட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சென்னை போக, சிதம்பரத்தில் ஒன்று உண்டு. 1980-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது, மாணவர்கள் ஃபீஸைக் குறைக்கச் சொல்லி நாள் கணக்கில் போராடிய பிறகு 2021-ல் அரசு சுகாதாரத் துறைக்கு மாறியது. புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள். மூன்றில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், மிச்சமாகிற பணத்தில் பிற்பாடு ஒரு க்ளினிக்கே போடலாம்.

பட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தானே பட்டம் கொடுக்கிற நிகர்நிலை (டீம்ட்) பல்கலைக்கழகத்தின் கீழ் வராத தனியார் கல்லூரி என்றால், சென்னையானாலும் சேலமானாலும் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அதே கேள்வித்தாள், அதே பட்டம். என் க்ளினிக் போர்டில் பி.டி.எஸ். என்றுதான் இருக்கிறது, பி.டி.எஸ். (சென்னை) என்று ஒருத்தரும் போடுவதில்லை. மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸுக்கு எழுதுவதாக இருந்தால் கோச்சிங்குக்குச் சென்னை வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்.டி.எஸ். நடத்துகிற கல்லூரியில் சிக்கலான கேஸ்கள் பி.ஜி. பிள்ளைகளிடம் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள். உதவிக்கு ஸ்டாஃப் நிறைய இருப்பார்கள், அது நல்லதுதான். இரண்டும் உண்டு.

பெண் பிள்ளை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பல் டாக்டர் ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே! போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், மாங்கல்யத்துக்கு அட்சதை கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றுவிட்ட பெரியப்பா பக்கத்தில் வந்து விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை இழுத்து, "இந்தப் பல்லு லேசா ஆடுது பாரும்மா" என்கிறார். நான் கையில் ஃபோன் டார்ச்சோடு, அவர் வாயில் வெற்றிலையோடு. க்ளினிக்குக்கு வாங்க பெரியப்பா என்றால், "வந்தா நீ காசு கேப்பியே" என்று சிரிக்கிறார். இதே பெரியப்பாதான் நான் பி.டி.எஸ். சேர்ந்தபோது "பல் டாக்டர்தானா?" என்று இழுத்தவர். வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்குக் கீழே சொத்தைப் பல் போட்டோ அனுப்புகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கல்லூரிக்கும் நீங்களே நேரில் போங்கள். ஓப்பன் டே, அட்மிஷன் டே என்று அவர்கள் கூப்பிடுகிற நாளில் போக வேண்டாம். சும்மா ஒரு செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குப் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வாங்குவார்கள். உங்களுக்கும் ஒரு க்ளீனிங் செய்தாயிற்று என்று இருக்கட்டும். சீட்டில் நம்பர் எத்தனை என்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் காத்திருப்பவர்கள் செருப்போடு, மஞ்சப்பையோடு, வீங்கின கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்த நிஜ ஆட்களா, இல்லை பக்கத்தில் ஏப்ரன் போட்ட ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு காவலுக்கு நிற்கிற என் ஆயா மாதிரி ஆளா என்று பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் யாராவது கேன்டீனில் இருந்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "கோட்டாவுக்குப் பேஷன்ட் நீங்களே கூட்டி வரணுமாப்பா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார்கள்.

திரும்பி வரும்போது கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். பல் பிடுங்கினால் பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் ஐஸ்க்ரீம் சாப்பிடச் சொல்வோம். தோழியின் கல்லூரி வாசலில் இருந்த பெட்டிக்கடைக்காரர் ஃப்ரீசரை வெளியிலேயே இழுத்துப் போட்டிருப்பார். காலை பதினொரு மணிக்கு அறுபது வயதுத் தாத்தாக்கள் பத்துப் பேர் வரிசையாக நின்று கப் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவளைப் பார்க்கப் போனபோது பார்த்தேன். எங்கள் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடைதான் இருந்தது.