பள்ளித் துப்பாக்கிச் சூடுகள் பற்றிய நல்ல புத்தகங்கள், ஆவணப்படங்கள் எவை? இவற்றையெல்லாம் பார்ப்பது மனதைக் கெடுக்காதா?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. இதே கேள்வியை என் அம்மா போனில் கேட்டிருக்கிறார், என் கணவர் கேட்டிருக்கிறார். இங்கே தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்தபோது ஒரு அக்கா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்குங்க படிக்கறீங்க" என்றார். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதையும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், பிள்ளையை இப்போதுதான் பள்ளியில் சேர்த்திருப்பீர்கள், லாக்டவுன் டிரில் (துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும் பயிற்சி) நடக்கப்போகிறது என்று முதல் மின்னஞ்சல் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கி அரசியல் பேச வரவில்லை. "இந்தியாவில் சாலை விபத்தில் சாகவில்லையா, அதற்கு ஏன் எழுதவில்லை" என்று கேட்க வருபவர்களிடம் சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இது 2007ல் ஆரம்பித்தது. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்றிரண்டு நாளில் அப்பா ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். "நம்ம கரட்டடிப்பாளையத்துக்காரரு ஒருத்தரையும் சுட்டுப்புட்டாங்களாம் கண்ணு, உன்ற படிப்புத்தான் அவரும்." பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் படித்து, கான்பூர் ஐ.ஐ.டி. போய், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே வர்ஜீனியா டெக்கில் நீரியல் (ஹைட்ராலஜி) சொல்லிக்கொடுத்தவர். நாரிஸ் ஹால் என்ற கட்டடம், அறை எண் 206, மேல்நிலை ஹைட்ராலஜி வகுப்பு. அந்த அறையில் அவரோடு ஒன்பது மாணவர்களும் இறந்தார்கள்.

எங்களுக்கும் அந்த செமஸ்டரில் ஹைட்ராலஜி பேப்பர் இருந்தது. அடுத்த வகுப்பில் எங்கள் சார் பாடம் எடுக்கவில்லை. வருகைப் பதிவு மட்டும் எடுத்தார். எப்போதும் குனிந்தபடி நம்பரை மட்டும் கூப்பிட்டுக் கடகடவென்று முடித்துவிடுபவர், அன்றைக்கு ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "யெஸ் சார்" வந்த பிறகு தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போனார். அறுபது பேருக்கும் அப்படித்தான். முடித்ததும் நோட்டை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுட்டவன் அன்று இரண்டு இடங்களில் சுட்டான், அந்த இரண்டு தாக்குதல்களுக்கு நடுவில் தபால் நிலையத்துக்குப் போய்த் தன் வீடியோக்களையும் படங்களையும் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு அனுப்பியிருந்தான். அவர்கள் அதை ஒளிபரப்பினார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் சிலர் கொதித்துப்போய் அந்தச் சேனலுக்குக் கொடுக்கவிருந்த பேட்டியையே ரத்து செய்தார்கள். ஹாஸ்டல் டிவியில் நாங்களும் அந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவன் பேர் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். 32 பேரில் அன்று எனக்குத் தெரிந்தது லோகநாதன் ஒருவர் பேர்தான். இது இன்னமும் உறுத்துகிறது. பின்னால் நான் புத்தகமோ படமோ தேடும்போதெல்லாம் இது யார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். சுட்டவனைச் சுற்றிச் சுற்றி வருவதை மூடி வைத்துவிடுவேன்.

2011ல் கல்யாணமாகி வர்ஜீனியாவுக்கே வந்து சேர்ந்தேன். 2012 டிசம்பர் 14, கனெக்டிகட் மாநிலம் நியூடவுன் ஊரின் சாண்டி ஹூக் பள்ளியில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 20 பேர், பெரியவர்கள் 6 பேர். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம், மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

திரும்ப வைத்தது அவள் கிண்டர்கார்டனில் சேர்ந்த வருடம். சளி பிடித்திருந்தது. மாலையில் நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சத்தத்தையே காணோமே என்று தேடினால், சாப்பாட்டு மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஸ்வெட்டர் கையைப் பல்லால் கடித்தபடி. முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பதறிப்போய் இழுத்து எடுத்தேன். இருமிவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு டிரில்ல எனக்கு இருமல் வந்துடுச்சும்மா. சத்தம் வந்தா எல்லாருக்கும் டேஞ்சர். அதான் பிராக்டிஸ் பண்றேன்." விளக்கை அணைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தபோது வெளியிலிருந்து யாரோ கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்களாம். பூட்டியிருக்கிறதா என்று பள்ளி ஆளே சோதித்திருக்கிறார், அது அவளுக்குத் தெரியாது. டீச்சர் நல்லவர்தான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை இருமலை அடக்கப் பழகுகிறது, என்னிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குத்தான் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

படிக்க நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். நேரம் மட்டும்தான் இருந்தது! எச்4 விசா, இங்கே வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கொடுப்பது. சிவிலில் முதல் வகுப்பில் தேறியவள், எட்டு வருடம் ஒரு பைசா சம்பாதிக்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தேன். எச்4காரர்களும் வேலை செய்யலாம் என்று 2015ல் விதி வந்தது உண்மைதான். ஆனால் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். அவர் நிறுவனமோ அந்த மனுவை இந்த வருடம், அடுத்த வருடம் என்று இழுத்தடித்தது. 2019ல்தான் என் கைக்கு வேலை அனுமதி அட்டை வந்தது. "டிபென்டென்ட்" என்ற வார்த்தையை ஒவ்வொரு படிவத்திலும் எழுதும்போது எப்படி இருக்கும் என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருடங்களில் எனக்கென்று இருந்தது பொது நூலக அட்டை ஒன்றுதான்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

டேவ் கல்லன் எழுதிய 'கொலம்பைன்' 2009ல் வந்தது, பத்து வருட உழைப்பு. 1999 ஏப்ரல் 20, கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஒரு ஆசிரியரும் கொல்லப்பட்டது பற்றியது. கேலி செய்யப்பட்ட இரண்டு பையன்கள் பழிவாங்கினார்கள், நீளக் கோட்டுப் போட்ட ஒரு கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று நாம் கேள்விப்பட்ட கதைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, முதல் சில நாள் செய்திகளில் அவை எப்படி முளைத்தன என்று காட்டுகிறார். அவர்களுடைய முதல் திட்டமே உணவுக்கூடத்தில் வைத்த வெடிகுண்டுகள்தான், அவை வெடிக்காமல் போனதால்தான் சாவு அந்த அளவில் நின்றது. சுட்டவர்களின் மனநிலை பற்றி அவர் சொல்வதை மறுப்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பகுதிகள் அலுத்தன, தள்ளிப் படித்தேன். நல்ல புத்தகம், ஆனால் முதல் புத்தகமாக எடுக்காதீர்கள்.

தொடவே மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த புத்தகம் ஒன்று இருந்தது. கொலம்பைனில் சுட்ட இருவரில் ஒருவனின் அம்மா சூ கிளிபோல்ட் 2016ல் எழுதிய 'எ மதர்ஸ் ரெக்கனிங்'. பெற்றவள் புத்தகம் எழுதிக் காசு பார்க்கிறாளா என்ற கோபம் எனக்கும் இருந்தது. வருமானத்தை மனநலப் பணிகளுக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்த பிறகும் கை போகவில்லை. ஒருநாள் நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்கள் வைக்கும் தட்டில் அதுதான் மேலே கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். பள்ளிப் பேருந்து வரும் வரை காரில் உட்கார்ந்து தினம் பத்துப் பதினைந்து பக்கம். பள்ளியில் சுட்டுக்கொண்டிருப்பவர்களில் தன் மகனும் ஒருவனாக இருக்கலாம் என்று புரிந்த நேரத்தில், அவன் இன்னும் யாரையும் கொல்வதற்கு முன் செத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டதை எழுதியிருக்கிறார். அந்த இடம் வந்ததும் மூடிவிட்டேன். பேருந்து வந்து நின்றது, மகள் இறங்கி வந்து கார் கண்ணாடியைத் தட்டுகிறாள், எனக்குக் கதவைத் திறக்கத் தோன்றவில்லை. என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தோடுதான் புத்தகத்தைத் திறந்திருந்தேன். தன் பிள்ளையைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்ற பயம் ஒன்று இருக்கிறது, அது அதுவரை என் மனதில் வந்ததே இல்லை. மேலே சுட்டவனைச் சுற்றி வருவதைப் படிக்க மாட்டேன் என்று சொன்னேனே, இந்த ஒன்றுக்கு மட்டும் அது பொருந்தாது. முரண்பாடு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

வர்ஜீனியா டெக் பற்றி லூசிண்டா ராய் எழுதிய 'நோ ரைட் டு ரிமெய்ன் சைலன்ட்' (2009) எனக்கு முக்கியமானது. அவர் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தவர். பின்னாளில் சுட்டவனை 2005லேயே மற்ற வகுப்பிலிருந்து பிரித்துத் தனியாக உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், நிர்வாகத்தில் யார் யாரிடமோ எச்சரித்தவர். ஆசிரியர்களாக இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 'லிவிங் ஃபார் 32' என்ற சின்ன ஆவணப்படம், அதே நாரிஸ் ஹாலில் பிரெஞ்சு வகுப்பில் நான்கு குண்டு பட்டுப் பிழைத்த காலின் கோடார்ட் பற்றியது. துப்பாக்கிக் கண்காட்சிகளுக்கு ரகசியக் கேமராவோடு போய், எந்தச் சோதனையும் இல்லாமல் துப்பாக்கி வாங்க முடிகிறது என்று காட்டுகிறார்.

மைக்கேல் மூரின் 'பவுலிங் ஃபார் கொலம்பைன்' பேரை எல்லோரும் சொல்வார்கள், ஆஸ்கர் வாங்கியது. பாருங்கள், ஆனால் அதற்குப் பிறகான வாழ்க்கை அதில் குறைவு.

அந்தப் பிறகான வாழ்க்கைக்கு 'நியூடவுன்' (2016), கிம் ஸ்னைடர் எடுத்தது, சாண்டி ஹூக் பெற்றோர்கள் பற்றியது. இதைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. இரவில் பார்க்காதீர்கள், தனியாகப் பார்க்காதீர்கள். அதே குடும்பங்களை, "எல்லாம் நாடகம், உங்களுக்குப் பிள்ளையே இல்லை" என்று சொல்லித் துரத்தியவர்களைப் பற்றி எலிசபெத் வில்லியம்சன் எழுதிய 'சாண்டி ஹூக்' (2022) இருக்கிறது. பையனைப் புதைத்த அப்பா லென்னி போஸ்னர் மிரட்டல்களுக்குப் பயந்து வீடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைப் பரப்பிய அலெக்ஸ் ஜோன்ஸ் 96.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் கனெக்டிகட் ஜூரி தீர்ப்பளித்தது. மனதைக் கெடுக்கிற விஷயம் என்றால் எனக்கு அதுதான். தெரிந்துகொள்ள மறுத்து, நடக்கவே இல்லை என்று சொன்னவர்கள்.

2018 கோடையில் கணவரிடம் கேட்டு, வர்ஜீனியா டெக் இருக்கும் பிளாக்ஸ்பர்க் ஊருக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து நாலு மணி நேரம். பெரிய புல்வெளியின் ஓரத்தில் அரை வட்டமாக 32 கற்கள், அங்கே உள்ளூரில் எடுக்கிற சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். வெயிலில் கல் சுட்டது. லோகநாதன் சாரின் கல்லில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவரை நான் பார்த்ததே இல்லை, சொந்தமும் இல்லை. அப்புறம் அரை வட்டத்தைச் சுற்றி மற்ற 31 பேரையும் வாய்விட்டுப் படித்தேன், எங்கள் சார் வருகைப் பதிவு எடுத்த மாதிரி. பக்கத்திலேயே நாரிஸ் ஹால். சம்பவம் நடந்த மாடியிலிருந்து வகுப்பறைகளை எடுத்துவிட்டார்கள். அங்கே வன்முறைத் தடுப்புக்கும் அமைதி ஆய்வுக்கும் ஒரு மையம் வைத்தார்கள். அதற்கு முதல் இயக்குநராக இருந்தவர் யெர்சி நோவாக், தோட்டக்கலைத் துறைத் தலைவராக இருந்தவர். காலின் கோடார்ட் உட்கார்ந்திருந்த அந்த பிரெஞ்சு வகுப்பின் ஆசிரியை அவருடைய மனைவி. மனைவி இறந்த அதே மாடிக்கு அந்த மனிதர் தினம் வேலைக்குப் போயிருக்கிறார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால் 'டவர்' படம். கீத் மெய்ட்லண்ட், 2016. 1966 ஆகஸ்ட் 1, டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சுட்டது பற்றியது. பெரும்பாலும் அனிமேஷன், அதனால் பார்க்க முடிகிறது. சுட்டவனைக் கிட்டத்தட்ட காட்டுவதே இல்லை. கர்ப்பமாயிருந்த கிளேர் வில்சன் குண்டு பட்டுக் கொதிக்கும் சிமெண்ட் தரையில் கிடக்கிறார், பக்கத்தில் அவர் காதலர் இறந்து கிடக்கிறார். யாரும் கிட்டே போக முடியாத நேரத்தில் ரீட்டா ஸ்டார்பேட்டர்ன் என்ற பெண் ஓடிவந்து, பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டு, அவர் நினைவு தப்பாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. இந்தக் கோடை விடுமுறையில் அவளே கேட்டதால் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பக்கத்துல படுத்துக்கிட்டவங்க இப்ப இருக்காங்களாம்மா?" என்றாள். படம் எடுப்பதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அவங்க என்னல்லாம் பேசியிருப்பாங்க" என்று கேட்டாள். படத்தில் அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தோம்.