பென்சில் குறிப்பை அழிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் அப்பப்பா காணி வழக்குப் பார்த்த ஒரு புறக்டரிடம் (அந்தக் கால வக்கீல்) கிளாக்கராக இருந்தவர். இடம்பெயரும்போது வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன றங்குப் பெட்டியைத் திரும்பி வந்து கிண்டி எடுத்தோம். அதற்குள் ஜோர்ஜ் நீல்சன் என்பவர் எழுதி 1890-இல் கிளாஸ்கோவில் அச்சான ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆளோடு ஆள் சண்டை பிடித்து வழக்குத் தீர்ப்பதைப் பற்றியது. முன் அட்டையில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது, ஓரமெல்லாம் அப்பப்பாவின் பென்சில் எழுத்து. ஒருவர் விலைக்குக் கேட்கிறார். அழித்துத் துப்புரவாக்கி, புது அட்டை கட்டிக் கொடுக்கலாமா?
(வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: வேண்டாம் தங்கச்சி, றப்பரைத் தொடவே தொடாதீர்கள். இந்தப் புத்தகத்தை இன்று இணையத்தில் முழுதாக வாசிக்கலாம், மறுபதிப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு காணி வழக்குக் கிளாக்கர் இதை எந்த இடத்தில் நிறுத்தி யோசித்தார் என்பது உங்கள் பிரதியில் மட்டும்தான் இருக்கிறது.

அவர் எங்கே நிறுத்தியிருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. பிரான்ஸ் பக்கமிருந்து நோர்மன்கள் வந்து பிடித்த பிறகு இங்கிலாந்தில் காணி உரிமை வழக்குக்கே சண்டை இருந்தது, காணிக்காரர் இறங்க மாட்டார், அவருக்காக ஒரு ஆள் தடியும் கேடயமும் எடுத்துக்கொண்டு இறங்குவான், வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை எதிராளி தாக்குப்பிடித்து நின்றுவிட்டால் வழக்குப் போட்டவர் தோற்றார். காணி உறுதியும் தோம்பும் (பழைய காணிப் பதிவேடு) புரட்டிப் புரட்டிப் பார்த்த மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

விற்பதென்றால் அவசரப்படாமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அட்டை போன பிரதிக்கு விலை குறையும், அதற்காகப் புது அட்டை கட்டினால் பழைய கட்டும் போய்விடும். செலோடேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயவிடாதீர்கள். வெள்ளைப் பருத்தி நாடாவால் மெதுவாகக் கட்டி, சுவரில் முட்டாத அலுமாரித் தட்டில் வையுங்கள், கறையான் பெரும்பாலும் சுவர் வழியாக ஏறும். இராமபாணப் பூச்சி இருந்தால், நன்றாகக் காய்ந்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூன்று கிழமை பிரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாள் வேர்த்துவிடும். மாரி தொடங்கும் முன் செய்துவிடுங்கள்.

கேள்வி: இப்படிச் சண்டை பிடித்துத் தீர்ப்புச் சொல்வது எப்போது நின்றது சேர்?
(மாணவர், வவுனியா)

பதில்: நம்ப மாட்டீர்கள், இங்கிலாந்தில் 1819-இல். பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் 1817-இல் மேரி அஷ்போர்ட் என்ற இளம்பெண் ஒரு நீர்க்குழியில் இறந்து கிடந்தாள். ஏப்ரகாம் தோர்ன்டனைப் பிடித்தார்கள், ஜூரி விடுதலை செய்தது. மேரியின் சகோதரன் வில்லியம் பழைய சட்டம் ஒன்றைப் பிடித்து மறுபடி வழக்குப் போட்டான். அப்போது தோர்ன்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒரு கையுறையைச் சண்டைக்கு அழைப்பாகக் கீழே எறிந்து, என் உடம்பாலேயே நிரூபிக்கிறேன் என்று நின்றான். நூற்றாண்டுக் கணக்காக யாரும் கேட்காத உரிமை, ஆனால் சட்டத்தில் இன்னும் இருந்தது. அதனால் 1818-இல் நீதிபதிகள் அனுமதிக்க வேண்டியதாயிற்று. தோர்ன்டன் கட்டுமஸ்தான ஆள், வில்லியம் மெலிந்த பொடியன், சண்டைக்கு வராமல் விலகினான். அடுத்த வருடம் பாராளுமன்றம் சட்டத்தையே நீக்கியது. சகோதரிக்காக வந்த ஒருவன் உடம்பு மெலிந்ததால் திரும்பிப் போனான் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் இப்படி ஏதும் உண்டா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: சண்டை இல்லை, ஆனால் கொதி எண்ணெய் உண்டு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், பெரிய வழக்குகளில் இரு தரப்பும் கொதிக்கும் எண்ணெயில் விரலை விட்டுச் சத்தியம் செய்ததை எழுதியிருக்கிறார். அவர் தப்பி வந்த வழி உங்களுக்குத் தெரிந்த வழிதான். அநுராதபுரத்திலிருந்து அருவி ஆற்றங்கரைக் காட்டோடு நடந்து 1679-இல் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி, அப்பப்பா கோடு போட்ட பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவீர்களா?