மரிம்பாவில் பாக் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு வருடங்களாக மரிம்பா வாசிக்கிறேன், மரப்பட்டைகளைக் குச்சிகளால் அடித்து வாசிக்கும் வாத்தியம் அது. அதற்கு முன்பு பியானோ பழகியிருந்தேன். அண்மையில் பழைய பியானோ நோட்டுகளைப் புரட்டியபோது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூட் (ஃபியூகுக்கு முன்னால் வரும் சிறு இசை) கண்ணில் பட்டது. மரிம்பாவில் வாசித்துப் பார்த்தேன், கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. அந்த உற்சாகத்தில் அதைத் தொடர்ந்து வரும், ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃபியூகையும் எடுத்தேன். அங்கேதான் சிக்கல். பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்வரங்கள் அடித்த கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகின்றன. ரோல் செய்தால், அதாவது ஒரே ஸ்வரத்தை விரைவாகத் திரும்பத் திரும்ப அடித்தால், நான்கு குரல்களும் ஒன்றோடொன்று குழம்புகின்றன.

பியானோவுக்கு முந்தைய விசை வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "இது விரல்களுக்காக எழுதியது. குச்சியால் அடித்தால் வித்தையாக இருக்கும், இசையாக இருக்காது" என்றார். அவர் சொல்வது சரியா? நான் இதை விட்டுவிடலாமா? ரோல் செய்யலாமா, கூடாதா? வேறு எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விட்டுவிடாதீர்கள். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நீங்கள் நன்றாகப் புரிந்துகொண்டால் ஃபியூக் உங்கள் கைக்கு வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹார்ப்சிகார்டில் ஒரு விசையை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய மரத்துண்டு மேலே எழும்புகிறது. அதில் செருகியிருக்கும் இறகுமுனை கம்பியை மீட்டிவிட்டுப் போகிறது. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். விரலை எடுத்தால் மரத்துண்டு இறங்கி, அதில் ஒட்டியிருக்கும் துணி கம்பியைத் தொட்டு ஒலியை நிறுத்துகிறது. ஆக, அந்த வாத்தியத்தில் ஒரு ஸ்வரத்தை உரக்கவோ மெல்லவோ சொல்ல வழியில்லை. ஆனால் அது எந்தக் கணத்தில் முடிய வேண்டும் என்பது முழுக்க வாசிப்பவர் கையில் இருக்கிறது. நல்ல ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஒரு ஸ்வரத்தை அழுத்திக் காட்ட நினைத்தால், அதற்கு முந்தைய ஸ்வரத்தைக் கொஞ்சம் முன்னதாக விட்டுவிடுவார். அந்த இமைப்பொழுது இடைவெளியில் அடுத்த ஸ்வரம் எடுப்பாகக் கேட்கும். கோவையாகப் பாட வேண்டிய இடத்தில் ஒரு ஸ்வரத்தை அடுத்ததன் மேல் லேசாகச் சாய விடுவார். அவருடைய உணர்ச்சியெல்லாம் விரலை எடுப்பதில் இருக்கிறது.

மரிம்பா இதற்கு நேர் எதிர். அடியின் அழுத்தத்தை நூறு விதமாக மாற்றலாம். பட்டையின் நடுவில் அடிக்கலாம், ஓரத்தில் அடிக்கலாம். முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினால் பட்டையைத் தாங்கும் கயிறு ஓடும் இடம், அங்கே அடித்தால் ஒலி வற்றிப்போய் வரும். இத்தனை சுதந்திரமும் தொடக்கத்தில்தான். அடித்தபிறகு அந்த ஸ்வரம் உங்களுடையது இல்லை, அது தன் போக்கில் அடங்கும். கீழ் ஸ்தாயியில் சில விநாடிகள் ஒலிக்கும். மேல் ஸ்தாயியில் ஒரு விநாடிகூட நிற்காது. பட்டைக்குக் கீழே தொங்கும் குழாய் ஒலியைப் பெரிதாக்குகிறது, ஆனால் பட்டையின் ஆற்றலை விரைவாக உறிஞ்சுவதால் கார்வையைக் குறைத்துவிடுகிறது.

அதாவது ஹார்ப்சிகார்டுக்கு முடிவு உண்டு, அழுத்தம் இல்லை. மரிம்பாவுக்கு அழுத்தம் உண்டு, முடிவு இல்லை. அங்கே விரலை எடுத்துச் சொன்னதை எல்லாம் இங்கே அடியின் கனத்தால் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வேலை இதுதான். பலர் ஸ்வரங்களை மட்டும் எடுத்துவந்து வாசித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உங்கள் நண்பர் வித்தை என்று சொன்னது அதைக் கேட்டுவிட்டுத்தான் இருக்கும்.

பாக் தாமே மற்றவர்களின் இசையை வாத்தியம் மாற்றி எழுதியிருக்கிறாரே என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதிய கன்செர்ட்டோவை (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை) நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றினார். ஆனால் அதை வெறும் அனுமதிச் சீட்டாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றும்போது அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தம்முடைய ஏ மைனர் வயலின் கன்செர்ட்டோவை ஹார்ப்சிகார்டுக்குக் கொண்டுவந்தபோது ஜி மைனருக்கு இறக்கினார், இடது கைக்குப் புதிதாக எழுதினார். புதிய வாத்தியம் என்ன கேட்கிறதோ அதைக் கொடுத்தார். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உழைப்பை.

சரி, பிரெலூட் ஏன் உடனே வந்தது, ஃபியூக் ஏன் வரவில்லை? பிரெலூட் 35 பார்கள் (தாளக் கட்டங்கள்) கொண்டது. கடைசி மூன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே உருவம். அடியில் இரண்டு ஸ்வரங்கள், அதன்மேல் மூன்று ஸ்வரங்கள் இரண்டு முறை. ஐந்து ஸ்வரங்களுக்கு உங்களிடம் நான்கு மேலட்டுகள் (அடிக்கும் குச்சிகள்), அதனால் ஒன்று மட்டும் இடம்விட்டு இடம் போக வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம். அடித்தள ஸ்வரங்கள் கீழே இறங்க இறங்க மரிம்பாவின் கார்வையும் நீள்கிறது, எதையும் பிடிக்காமலே பிடித்தது போல ஒலிக்கிறது. உங்களிடம் இருப்பது ஐந்து ஸ்தாயி மரிம்பா என்று நினைக்கிறேன். நாலேகால் ஸ்தாயி என்று சொல்லும் 4.3 அளவில் கடைசிப் பட்டை ஏ. 24-ஆம் பாரிலிருந்து எட்டு பார்கள் அடியில் நிற்கும் ஜி அதில் கிடையாது, முடிவில் நான்கு பார்கள் நிற்கும் சி-யும் கிடையாது. ஐந்து ஸ்தாயி மரிம்பாவோ அந்தக் கீழ் சி-யில்தான் தொடங்குகிறது. இந்தப் பிரெலூட் இடம்பெறும், 1722-இல் பாக் தொகுத்த 24 பிரெலூட்-ஃபியூக்களும் அந்த சி-யிலிருந்து நான்கு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஒரு ஸ்வரத்தைக்கூட இடம் மாற்ற வேண்டாம்.

ஃபியூகில் நான்கு குரல்கள், ஒரு குரலுக்கு ஒரு மேலட். ஒரு குரல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இன்னொரு குரல் நகர்ந்து வந்து அதனோடு உரசும், பிறகு நின்ற குரல் ஒரு படி இறங்கி இணக்கமாகும். இதைத்தான் சஸ்பென்ஷன் என்கிறார்கள். அந்த உரசலில்தான் ஃபியூகின் உயிர் இருக்கிறது. மரிம்பாவில் உரச வேண்டிய நேரம் வரும்போது நின்றிருந்த ஸ்வரம் அடங்கிவிட்டிருக்கும். பிறகு வரும் இறக்கத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது. நான் இந்த ஃபியூகைப் பழகிய முதல் வருடம் இதை உணரவே இல்லை. எல்லா ஸ்வரங்களும் சரியாக விழுந்தன, ஆனால் கேட்டவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசித்ததைப் பதிவு செய்து கேட்டபோதுதான் உரசல் ஒன்றுகூட அதில் இல்லை என்று தெரிந்தது.

நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். நிற்கப்போகும் ஸ்வரத்தை, அது தோன்றும்போதே மற்றவற்றைவிட ஒரு பிடி அதிகமாக அடியுங்கள். உரச வரும் குரலை நன்றாகத் தணித்து அடியுங்கள். அப்போது அடங்கிக்கொண்டிருக்கும் ஸ்வரமும் புதிதாக வந்ததும் ஏறக்குறைய ஒரே அளவில் சந்திக்கும். உரசல் காதில் விழும். அப்புறம், ஆர்கன் கலைஞர்கள் எடுக்கும் நிதானமான காலத்தை எடுக்காதீர்கள். கொஞ்சம் விரைவாக எடுத்தால் பாதிச் சிக்கல் தானாகவே தீரும்.

அதற்கும் மீறி ஒரு ஸ்வரம் செத்துவிடுகிறதா? மெல்ல இன்னொரு முறை அடியுங்கள். இது தவறு என்று யாராவது சொன்னால், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் இருந்த ஆர்கன் கலைஞர் ஃப்ரெஸ்கோபால்டியைச் சொல்லுங்கள். டொக்காட்டா எனும் தம் விசை வாத்தியப் படைப்புகளின் முதல் தொகுப்பு முன்னுரையில், வாத்தியம் வெறுமையாகிவிடாமல் இருக்க, உரசல் வரும் இடங்களில் ஸ்வரங்களைத் திரும்ப ஒலிக்கலாம் என்றும் அது வாசிப்பவர் விருப்பம் என்றும் எழுதியிருக்கிறார். விசை வாத்தியக்காரர்களுக்கும் கார்வை ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. உங்கள் ஃபியூகின் கடைசி நான்கு பார்களைப் பாருங்கள். அடித்தளக் குரல் ஒரே சி-யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஹார்ப்சிகார்டிலும் அது முடிவு வரை முழுசாகக் கேட்காது. அந்த சி இன்னும் இருக்கிறது என்று கேட்பவர் மனசு நம்ப வேண்டும், அந்த நம்பிக்கையைக் கொடுக்கும்படி வாசிக்க வேண்டும்.

ரோல் பற்றி என் கருத்து கறாரானது. ஃபியூகில் வேண்டாம். ரோல் என்பது ஒரே ஸ்வரத்தின் பல தொடக்கங்கள், ஃபியூகிலோ ஒரு குரல் எப்போது தொடங்குகிறது என்பதுதான் செய்தி. நீங்கள் சொன்ன குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. சரபாண்ட் என்ற மெதுவான நடன இசையிலோ கோரல் என்ற தேவாலயப் பாடலிலோ தாராளமாக ரோல் செய்யுங்கள், அங்கே அது மூச்சு போல இருக்கும்.

மேலட்டையும் கவனியுங்கள். மரிம்பாப் பட்டையை அடிப்பக்கம் செதுக்கிச் சுருதி சேர்க்கும்போது, அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து மேலே ஒலிக்கும் முதல் மேலொலியை இரண்டு ஸ்தாயி மேலே வைக்கிறார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. ஹார்ப்சிகார்ட் கம்பியில் மேலொலிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், அதனால் அடிக்குரலின் ஒவ்வொரு ஸ்வரமும் பளிச்சென்று புரியும். மரிம்பாவின் அடிக்குரல் மெத்தென்று இருக்கும், ஸ்வரம் எதுவென்று காது தேடும். வழக்கமாக இடது ஓரத்துக்கு மென்மையான மேலட்டை எடுப்போம். ஃபியூகுக்கு மட்டும் ஒரு படி கெட்டியானதை எடுத்துப் பாருங்கள்.

உலோகப் பட்டைகள் கொண்ட வைப்ரஃபோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. அதில் பெடல் இருப்பதால் முடிவுகள் திரும்பக் கிடைக்கின்றன, ஆனால் ஒரே பெடல் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து நிறுத்துகிறது. தனி ஸ்வரத்தை நிறுத்த மேலட்டாலேயே தொட்டு அடக்க வேண்டும். நான்கு குரல் ஃபியூகில் அது மிகக் கடினம். இரண்டு குரலுக்கு அருமை.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், பாக்கின் இன்வென்ஷன்களில் (இரண்டு குரல் சிறு இசைகளில்) எஃப் மேஜரில் இருக்கும் எட்டாவது. அதன் தொடக்கமே தாவித் தாவி ஏறுகிறது, ஸ்வரங்கள் தனித்தனியாக விழுவதே அதற்கு அழகு. நான்காவதைத் தள்ளிப்போடுங்கள், நீண்ட டிரில்கள் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை விரைவாக மாற்றி மாற்றி வாசிப்பது) இருக்கின்றன, ஒரு கை டிரில்லை நிறுத்தாமல் பிடிக்க மறு கை பாட வேண்டும். அதற்குப் பிறகு ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா, கிர்க்பாட்ரிக் தயாரித்த பட்டியலில் எண் 141. ஒரே ஸ்வரம் படபடவென்று திரும்பத் திரும்ப வரும். விசையில் அதற்கு விரல் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். உங்களுக்கு அது பிறவி மொழி. இந்த இடத்தில் ஹார்ப்சிகார்ட் கலைஞர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்ரான் 1717-இல் வெளியிட்ட 'லே பாரிகாத் மிஸ்தெரியூஸ்' முழுக்கக் கீழ், நடு ஸ்தாயியிலேயே உலவுகிறது, மரிம்பாவின் மிகச் சூடான பகுதி அதுதான். அது முழுக்க சஸ்பென்ஷன்கள், ஆனால் கார்வை நீண்ட இடத்தில் இருப்பதால் தாங்கும். ஃபியூகுக்குத் திரும்புவதற்கு முன் அதில் உங்கள் காதைப் பழக்குங்கள்.

கடைசியாக, அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள். அவரைவிட நல்ல ஆசிரியர் இந்த விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். அந்த ஃபியூகை அவரைப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல் எங்கே விசையை விட்டு எழுகிறது என்று மட்டும் பாருங்கள். ஒவ்வோர் இடத்தையும் உங்கள் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு மரிம்பாவுக்குப் போங்கள். குறி இருக்கும் இடத்துக்கு அடுத்த ஸ்வரத்தைக் கொஞ்சம் கூட்டியும், குறியே இல்லாமல் நீளும் இடங்களைத் தணித்தும் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.