ஸ்டென்ட் வச்சாச்சு, கொழுப்பும் குறைஞ்சிருச்சு, இனி மாத்திரை எதுக்கு?

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பாவுக்கு 59 வயசு, சுகர் உண்டு, நாலு மாசத்துக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து மதுரையில ஸ்டென்ட் வச்சாங்க. அப்ப 152 இருந்த எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு இப்ப 71. ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கறதால சொந்தக்காரங்க கொழுப்பு மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்க. மாமா ஒருத்தரு, ரத்தக்குழாய்க்குள்ள எதிர்ப்பு சக்தி செல் செத்துப் போறதாலதான் அடைப்பு முத்துதுன்னு வீடியோ பாத்துட்டு எதிர்ப்பு சக்தி பவுடர் ஒரு டப்பா வாங்கிட்டு வந்திருக்காரு, குடுக்கலாமாங்கறாரு.

பவுடர் வேணாம் தம்பி, மாத்திரையையும் நிறுத்தாதீங்க. மாமா பாத்ததுல அந்த செல் சாகுற விஷயம் நிஜம்தான், ஆனா அது ஏன் சாகுதுன்னு தெரிஞ்சா பவுடர் டப்பாவ நீங்களே திருப்பிக் குடுத்துருவீங்க.

எல்டிஎல் கொழுப்பு ரத்தக்குழாயோட உள்சுவருக்குள்ள நுழைஞ்சு தங்கிடுது, அத அள்ளிப்போட மேக்ரோபேஜ்ங்கற வெள்ளை அணு வகை செல் அங்க வருது. வந்து கொழுப்ப முழுங்குது. முழுங்குனத எஸ்டர்ங்கற வடிவத்துக்கு மாத்தி சின்னச் சின்னத் துளியா வச்சுக்கும், அது வரைக்கும் செல்லுக்கு பெருசா ஆபத்து இல்ல. ஆனா வரத்து நிக்கவே இல்லன்னா மாத்தி முடிக்க முடியாம கொலஸ்ட்ரால் அப்படியே தேங்கி, செல்லுக்குள்ள புரதம் மடிக்கிற இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தோட சவ்வுல போய் ஏறிக்குது. இத சுருக்கமா இஆர்னு சொல்லுவோம். இஆர் சவ்வுல இயல்பா கொலஸ்ட்ரால் ரொம்பக் கம்மி, அங்க அது கூடுனா சவ்வு விறைச்சுப் போயி கால்சியத்த உள்ள இழுக்குற பம்ப் சரியா ஓடாது, கால்சியம் குறைஞ்சா புரதமெல்லாம் கோணல்மாணலா மடிஞ்சு குவிய ஆரம்பிச்சிரும். இதத்தான் இஆர் ஸ்ட்ரெஸ்ங்கறோம். செல்லு உடனே செத்துராது, முதல்ல புது புரதம் செய்யறத குறைச்சுக்கிட்டு, மடிக்க உதவுற புரதத்த கூட்டி, சமாளிக்கப் பாக்கும். நாள்கணக்கா நெருக்கடி தீரலன்னாதான் சாப்ங்கற ஒரு புரதம் ஏறி, செல் தன்னைத்தானே முடிச்சுக்குது. கொலம்பியா யுனிவர்சிட்டியில ஐரா டபாஸ் குழு 2003ல இந்தக் கொலஸ்ட்ரால் - இஆர் தொடர்ப காட்டுனாங்க, அப்புறம் 2009ல சாப் இல்லாத எலிகள்ல அடைப்புக்குள்ள செல் சாவும் அழுகுன பகுதியும் குறைஞ்சிருந்ததையும் காட்டுனாங்க.

ஆக அந்த செல் பலவீனத்தால சாகல, அளவுக்கு மீறி கொழுப்பு தின்னுட்டு சாகுது. பவுடர் போட்டு எதிர்ப்பு சக்திய தூண்டுறதுன்னு ஒண்ணு நடந்தாக்கூட இந்த இடத்துல அதனால நல்லது இல்ல, ஏன்னா எதிர்ப்பு சக்தி கிளப்புற வீக்கம் அடைப்புக்குள்ள ஏற்கனவே இருக்கு, அது அதிகமா இருக்கறதுதான் பிரச்சனையே.

செல் சாகுறது மட்டுமே கெடுதல்னும் இல்லைங்க. ஆரம்பக்கட்ட அடைப்புல செத்த செல்ல பக்கத்து மேக்ரோபேஜ் உடனே முழுங்கி சுத்தம் பண்ணிரும், ஒண்ணும் தேங்காது. முத்துன அடைப்புல இந்த சுத்தம் பண்ற வேலை படுத்துருது. சித்திரைத் திருவிழா முடிஞ்ச மறுநாள் மாசி வீதியில துப்புரவுக்காரங்க வரலன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி. செத்த செல் அள்ளப்படாம வெடிச்சு, உள்ள இருக்குற கொழுப்பும் என்சைமும் கொட்டி, நடுவுல கூழ் மாதிரி ஒரு அழுகல் மையம் உருவாகுது, மேல மூடியிருக்குற நார் படலத்த என்சைம் அரிச்சு மெலிசாக்குது. 65 மைக்ரான், அதாவது 0.065 மில்லிமீட்டருக்கும் கீழ போன படலத்ததான் கிழிய வாய்ப்பு அதிகம்னு பாக்கறோம். கிழிஞ்சா ரத்தம் அங்க உறைஞ்சு அட்டாக். பாதி கூட அடைக்காத இடத்துலயும் இப்படி கிழியலாம், அதனாலதான் டிரெட்மில் டெஸ்ட் நல்லாருந்துச்சேன்னு சொல்றவங்களுக்கும் அட்டாக் வருது.

ஸ்டென்ட் ஒரு இடத்த திறந்து விட்டுருக்கு, அவ்வளவுதான். மத்த குழாய்கள்ல இந்த வேலை நடந்துகிட்டேதான் இருக்கும். ஸ்டாட்டின்ங்கற கொழுப்பு மாத்திரை கொழுப்பு வரத்தையே குறைக்கறதால மேக்ரோபேஜ் மேல விழுற பாரம் குறையுது, மாசக்கணக்குல அந்த நார் படலமும் கனமாகுறத குழாய்க்குள்ள விடுற ஓசிடி ஸ்கேன்ல பாத்திருக்காங்க. நிறுத்துனா சில வாரத்துலயே எல்டிஎல் பழையபடி ஏறிரும். 71ங்கறதே மாத்திரையால வந்த நம்பர்தானே.

அந்த ரிப்போர்ட்ட எடுத்து வலது ஓரத்துல பாருங்க, 100க்குள்ளன்னு அச்சடிச்சிருப்பாங்க, அது பொதுவான ஆளுக்கு. அட்டாக் வந்தவங்களுக்கு 55க்குக் கீழ கொண்டு வரணும்னுதான் இப்ப இருதய டாக்டர்கள் சொல்றது. அப்படிப் பாத்தா அப்பாவுக்கு 71 இன்னும் கூடுதல், டோஸ கூட்டுறதா இல்ல எசடிமைப்ங்கற இன்னொரு கொழுப்பு மாத்திரைய சேத்துக்குறதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தொடை, தோள்பட்டை வலிக்குதுன்னா அதையும் அவர்கிட்டயே சொல்லுங்க, மாத்திரைய மாத்திக் குடுக்க வழி இருக்கு.

சுகர விட்டுராதீங்க, இன்சுலின் சிக்னல் ஒழுங்கா எடுக்காத மேக்ரோபேஜ் இந்த இஆர் நெருக்கடியில இன்னும் சீக்கிரம் சாகுதுன்னு எலி ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. பீடி சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, இதுல நான் பேரம் பேச மாட்டேன்.

கோல்சிசின்னு கீல்வாத மாத்திரை ஒண்ணு வீக்கத்த குறைக்கும்னும் வீடியோ சுத்துது. 2020ல 5,522 பேர்ல நடந்த ஆராய்ச்சியில தினம் 0.5 மில்லிகிராம் நல்ல பலன் குடுத்துச்சு, ஆனா அட்டாக் வந்த உடனேயே ஆரம்பிச்சுப் பாத்த இன்னொரு பெரிய ஆராய்ச்சியில, 2024ல வந்தது, பலன் தெரியல. கிட்னி கோளாறு இருந்தாலோ கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் கூட சேந்தாலோ ஆபத்து, மெடிக்கல்ல சொந்தமா வாங்கிராதீங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம். ஸ்டென்ட் வச்சு நாலு மாசம்தான் ஆகுது, ஆஸ்பிரினும் கூட குடுத்திருக்குற ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையும் ஒரு நாள் கூட விடக்கூடாது, பல்லு புடுங்கணும்னாலும் இருதய டாக்டர கேட்டுட்டுத்தான். பவுடர் டப்பாவையும் அடுத்த செக்கப்புக்கு எடுத்துட்டுப் போய் லேபிள காட்டுங்க, அப்பா ஏற்கனவே ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டிருந்தா அதையும் மறைக்காம சொல்லிருங்க.